பிரணவைக் கூட்டிப்போகாத மலை

கரமனை, திருவனந்தபுரம்
10.9.2024

அன்புள்ள சரோஜம் அக்காவுக்கு விஜயம் நமஸ்காரம் செய்து எழுதுவது. நானும் பிரணவும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்திம்பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? விஷ்ணுப்ரியா ஸ்கூல் வேலைக்குப் போய்வருகிறாளா?

என்னடா இவள் தபாலில் எழுதுகிறாள் என்று நினைக்காதீர்கள். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. வாட்ஸாப் அனுப்பினால் விஷ்ணுப்ரியாதான் படித்துச் சொல்ல வேண்டும். இங்கே என் போனும் பாதி நேரம் பிரணவ் கையில். நாம் இரண்டு பேர் மட்டும் பேச வேறு வழி தெரியவில்லை.

உங்கள் தம்பி போய் ஐந்து மாதம் ஆகப்போகிறது. அவரோடு மலை ஏறினவர்களும் ஆபீஸ்காரர்களுமாகச் சேர்ந்து, முதல் வருஷத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்கிறார்கள். ஆபீஸ் நண்பர் பத்மகுமார்தான் முன்கையெடுக்கிறார். சின்ன வயசு விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதித் தர வேண்டும்.

இன்னொன்று. பிரணவ் அப்பாவின் ஷூவைப் போட்டுக்கொண்டு, அவர் போகிற மாதிரியே இரண்டாம் சனிக்கிழமைகளில் மலைக்குக் கிளம்பிவிடுகிறான். சின்னப்பிள்ளையில் அவனைத் தோளில் வைத்துக்கொண்டு பொன்முடி ஏறினவர், கடைசி இரண்டு வருஷம் ஒருதரம்கூடக் கூட்டிப்போகவில்லை. கேட்டால், "நீ உன் வேலையைப் பாருடா" என்பார். அது அவன் மனசில் முள்ளாக இருக்கிறது. "அப்பாக்கு என்னை வேண்டாம்னு தோணியிருக்கும். அதான் நான் தனியா போறேன்" என்கிறான். அவன் திரும்பிவரும்வரை நான் வாசலில்தான் நிற்கிறேன்.

எல்லாருக்கும் என் அன்பு.
விஜயம்


கல்லிடைக்குறிச்சி
26.9.2024

சிரஞ்சீவி விஜயத்துக்கு சரோஜம் அநேக ஆசீர்வாதம். முப்பது வருஷமாக உனக்கு 'சௌபாக்யவதி' என்று எழுதின கை, இன்றைக்கு முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டது. இங்கே எல்லாரும் க்ஷேமம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நீலகண்டனைப் பற்றி எழுது என்றால் எதை எழுத? ஆறு வயசில் தாமிரபரணியில் அக்கரைக்கு நீந்திவிட்டு, திரும்பிவரப் பயந்து அங்கேயே உட்கார்ந்து அழுதான். நான்தான் போய்க் கூட்டிவந்தேன். எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் பொதிகை தெரியும். "அக்கா, அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அந்தப் பக்கத்திலேயே வேலை கிடைத்து, அந்தப் பக்கத்திலேயே நீயும் கிடைத்தாய். அப்பா போனபோது அவனுக்குப் பதினொரு வயசு. அதற்குப் பிறகு அவன் விளையாட்டுப் பிள்ளையாக இருக்கவில்லை.

பிரணவை மலைக்கு அனுப்பாதே. வருஷம் திரும்புகிறவரை காரியம் செய்த கர்த்தா மலை ஏறக்கூடாது. சாஸ்திரம் அப்படி. நான் சொன்னேன் என்று சொல்.

சரோஜம்


கரமனை
14.10.2024

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். இங்கே இருவரும் நலம் என்று எழுத ஆசைதான்.

சாஸ்திரத்தைச் சொன்னேன். "அது கோவில் இருக்கற மலைக்காக்கும் அம்மா. பொன்முடியில என்ன கோவில்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். அப்பாவைப் போலவே கல்லாற்றில் பஸ்ஸிலிருந்து இறங்கி, கொண்டைஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு நடந்திருக்கிறான். அப்பா எந்த வளைவில் சாலையோரக் கலுங்குச் சுவரில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார் என்று கல்லாற்றுக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அங்கே போனதும் இவனுக்கும் தலை சுற்றி, நெஞ்சை யாரோ பிடித்த மாதிரி இருந்ததாம். அதே சுவரில் உட்கார்ந்திருக்கிறான். "சங்கடம் வந்துதும்மா, வேற ஒண்ணுமில்லை. நீ சும்மா பேடிக்காதே" என்கிறான். பயத்துக்கு இங்கே சொல்கிற அந்தப் பேடி என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததிலிருந்து எனக்கு அதுதான் பிடித்துக்கொண்டது.

புத்தகத்துக்கு நானும் எழுத உட்கார்ந்தேன். எனக்கு முதுகுத்தண்டு நழுவி மூன்று மாதம் படுத்திருந்தபோது, தினமும் ஆபீஸ் போகுமுன் எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டுப் போவார். பின்னல் கோணலாக இருக்கும். மத்தியானம் அவிழ்ந்துவிடும். மறுநாளும் விடாமல் பின்னுவார். மலைக்குப் போனால் சாயங்காலம் விளக்கேற்றுமுன் வீட்டில் இருப்பார். தவறினது ஒரே ஒரு நாள், அந்த விஷுவுக்கு முந்தின நாள்.

ஒன்று கேட்க வேண்டும். மாமனார் எதனால் போனார்? காய்ச்சல் என்று இவர் சொல்லியிருக்கிறார். நாற்பத்தொரு வயசில் என்ன காய்ச்சல், எத்தனை நாள் இருந்தது என்று எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

விஜயம்


கல்லிடைக்குறிச்சி
22.11.2024

சிரஞ்சீவி விஜயத்துக்கு ஆசீர்வாதம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மனசில் வைக்காதே. நல்ல காரியம் ஒன்று கூடிவந்திருக்கிறது. விஷ்ணுப்ரியாவுக்கு மதுரைப் பையன் ஒருவன் அமைந்திருக்கிறான். மாசியில் முகூர்த்தம். பையனின் அம்மா ரொம்ப விசாரிக்கிறவள். மூன்று தலைமுறை யார் யார், எப்படிப் போனார்கள் என்றெல்லாம் கேட்டாள். பதில் சொல்லி மாளவில்லை.

அப்பாவுக்குக் காய்ச்சல்தான். அந்தக் காலத்தில் யார் நாள் எண்ணினார்கள்?

பிரணவுக்கு ஒரு கல்யாணம் செய்து வை. மலை தானாக மறந்துபோகும்.

சரோஜம்


கரமனை
3.12.2024

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். விஷ்ணுப்ரியா கல்யாணச் செய்தி கேட்டு இந்த வீட்டில் நாங்கள் எட்டு மாதத்துக்குப் பிறகு பாயசம் வைத்தோம். குழந்தை நன்றாக இருக்கட்டும்.

நேற்று பத்மகுமார் வந்திருந்தார். பேச்சுவாக்கில், "ரெண்டு வருஷம் முந்தி ஸ்கேன் எடுக்கான் நீலகண்டன் சாரோட நானாணு போனது. சேச்சிக்கு அறியில்லேன்னு இப்பதான் மனசிலாச்சு" என்றார். எனக்குத் தெரியாது. என்ன ஸ்கேன், எதற்கு என்று கேட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தாராம், இவர் வந்து, "ஒண்ணுமில்லை" என்றாராம். வீடு முழுக்கத் தேடிவிட்டேன். ஒரு காகிதம்கூட இல்லை.

எனக்குத் தெரியாமல் ஒரு புதுச் சட்டை வாங்கினவர் இல்லை அவர். உங்களிடம் ஏதாவது சொன்னாரா அக்கா? அந்த வருஷம் ஆவணியில் தனியாக உங்களைப் பார்க்க வந்தாரே?

விஜயம்


கரமனை
30.12.2024

அக்காவுக்கு நமஸ்காரம். என் மூன்றாம் தேதிக் கடிதம் வந்ததா? கிடைக்கவில்லை என்று நம்பத்தான் பார்க்கிறேன். தபால்காரரிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டேன்.

பிரணவுக்கு அகஸ்தியகூடம், அதுதான் உங்கள் பொதிகை உச்சி, போக ஆன்லைனில் இடம் கிடைத்துவிட்டது. ஜனவரி இருபத்திரண்டாம் தேதி. போனக்காட்டிலிருந்து காட்டுக்குள் ஒரு நாள் நடை. மறுநாள் உச்சி. போன் எடுக்காது. டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்கிறார்களாம். தெருமுனை டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். உச்சியில் நின்றால் அப்பாவின் ஊர் தெரியும், அத்தை வீட்டு மாடியும் தெரியும் என்று குழந்தைமாதிரிச் சொல்கிறான். நேற்று மாடிப்படி ஏறி வந்தவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். நான் பார்த்ததை அவன் பார்க்கவில்லை.

பதில் எழுதுங்கள்.

விஜயம்


கல்லிடைக்குறிச்சி
9.1.2025

விஜயம், அவனைப் போகவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். சத்தியம் வாங்கு, கதவைப் பூட்டு, என்ன வேண்டுமானாலும் செய். வேறு எதுவும் கேட்காதே.

சரோஜம்


கரமனை
14.1.2025

அக்காவுக்கு நமஸ்காரம். பொங்கலும் அதுவுமாக இப்படி எழுதுகிறேன்.

இருபத்தைந்து வயசுப் பிள்ளையைக் கதவைப் பூட்டி எப்படி வைப்பது? சத்தியம் கேட்டேன். "காரணம் சொல்லு, போகலை" என்கிறான். என்னிடம் காரணம் இல்லை. உங்களிடம் இருக்கிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில், "என் தம்பியை அறுக்கக்கூடாது" என்று போலீஸ்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்களே, பாசம் என்று நினைத்தேன். இப்போது வேறு ஏதோ நினைக்கத் தோன்றுகிறது.

இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது.

விஜயம்


கல்லிடைக்குறிச்சி
20.1.2025

விஜயத்துக்கு. க்ஷேமம் விசாரிக்க எனக்கு யோக்யதை இல்லை.

நாலு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

அப்பா காய்ச்சலில் போகவில்லை. தேர்வடம் பிடித்து இழுக்கும்போது அப்படியே மடங்கி விழுந்தார். காய்ச்சலோடு வந்து இழுத்தார் என்று சொல்லிவைத்தோம். அதற்கு ஏழு வருஷம் கழித்து எங்கள் கடைசித் தம்பி ரமணி, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் கோட்டைத் தொட்டுவிட்டு விழுந்தான். எழுந்திருக்கவே இல்லை. பதினாறு வயசு. மைதானத்துப் புல்லில் அவனைப் பாம்பு கடித்ததாக ஊரில் சொன்னோம். ஆண்பிள்ளைகள் எல்லாம் இப்படிப் போகிறார்கள் என்று பேச்சு வந்தால் எனக்குக் கல்யாணம் ஆகாது என்று அம்மா சொன்னாள். கல்யாணம் ஆயிற்று. அந்தப் பொய்யின் மேல்தான் ஆயிற்று.

அந்த ஆவணியில் நீலகண்டன் வந்து ஆற்றங்கரை மண்டபத்தில் உட்கார்ந்து சொன்னான். இருதயத்தின் சுவர் தடித்திருக்கிறதாம். வம்சத்தில் வருகிறதாம். அப்பாவுக்கும் ரமணிக்கும் அதுதானாம். மலை ஏறக்கூடாது என்றாராம் டாக்டர். பிள்ளையையும் அக்காவையும் அக்கா குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா, எல்லாருக்கும் பார்க்க வேண்டும் என்றாராம்.

"பின்னே ஏண்டா இன்னும் ஏறறே?" என்று கேட்டேன். சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன்.

"நிறுத்தினா விஜயம் ஏன்னு கேப்பா அக்கா. சொன்னா அன்னிக்கே பிரணவைக் கூட்டிண்டு ஓடுவா. அவனுக்கும் இருக்குன்னு ஒரு டாக்டர் வாயால கேக்க எனக்குத் திராணி இல்லை. அவனை மலைப்பக்கமே விடாம நான் பாத்துக்கறேன். அவனுக்குக் கல்யாணம் காட்சின்னு ஆகட்டும், அப்பறம் சொல்றேன்" என்றான். ஆறு வயசில் அக்கரையில் உட்கார்ந்து அழுத மாதிரியே அழுதான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்து வாங்கிக்கொண்டு போனான்.

அவனுக்குக் கொடுத்த வாக்கு மட்டும்தான் என்று எழுதினால் அதுவும் பொய். விஷ்ணுப்ரியாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தோம். போஸ்ட்மார்ட்டம் செய்தால் காகிதத்தில் வந்துவிடும் என்று பயந்துதான் அந்தப் போலீஸ்காரர் கையைப் பிடித்தேன். என் பெண்ணின் கல்யாணத்துக்காக உன் பிள்ளையை மலைக்கு அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இது உன் கைக்கு வருவதற்குள் அவன் கிளம்பிவிட்டால் என்ன செய்வேன்?

சரோஜம்


கரமனை
4.2.2025

அக்காவுக்கு,

பிரணவ் உயிரோடு இருக்கிறான். போனில் கேட்டு விஷ்ணுப்ரியா சொல்லியிருப்பாள். மற்றதை நான் எழுத வேண்டும். எழுதாமல் எனக்கு ஆறாது.

உங்கள் கடிதம் வந்தது இருபத்துமூன்றாம் தேதி. நல்லவேளை, அதை நம்பி நீங்கள் இருந்துவிடவில்லை. இருபத்திரண்டாம் தேதி காலை ஒன்பதரைக்கு விஷ்ணுப்ரியா கூப்பிட்டாள். "மாமி, அம்மா இப்பதான் சொன்னா. பிரணவ் எங்கே?" என்றாள். ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டான் என்றேன். போட்டேன், போட்டேன், போன் எடுக்கவில்லை. பத்மகுமார் காரை எடுத்தார். விதுரை தாண்டினதும் என் போனிலும் கோடு போய்விட்டது.

போனக்காட்டில் மூடிக்கிடக்கும் தேயிலை ஃபாக்டரி, அதற்குக் கீழே வரிசையாகத் தோட்டத் தொழிலாளர் லயம் வீடுகள். வனத்துறை செக்போஸ்டில் ஒன்பது மணிக்கே எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டார்களாம். அங்கே தங்கப்பன் என்று ஒரு காவலர். அந்த லயத்தில் பிறந்து வளர்ந்தவர். "அவன் அப்பாவுக்கு... நெஞ்சு... அவனுக்கும்..." என்றேன்.

"அம்மா, பேடிக்காதீங்க. காட்டுக்குள்ள போன் கிட்டாது, வயர்லெஸ் உண்டு. புள்ள பேரு சொல்லுங்க" என்றார்.

வயர்லெஸ்ஸில் இரைச்சல். ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டார். முதல் இடத்தில் தாண்டிவிட்டான். அடுத்த இடத்திலும் தாண்டிவிட்டான். மூன்றாவதை இரண்டு தரம் கூப்பிட்டார். பிறகு மலையாளத்தில் ஒரு குரல் வந்தது. ஒருத்தர் ஆற்றோரம் உட்கார்ந்திருக்கிறார், க்ஷீணம், அசதி என்கிறார், சட்டை பச்சை.

பிரணவ் சட்டை பச்சை. உட்கார்ந்திருக்கிறார் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது அக்கா. அவன் அப்பாவும் உட்கார்ந்துதானே இருந்தார். அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து மூன்று பஸ் அவரைத் தாண்டிப் போயிருக்கிறது.

"பேசறானான்னு கேளுங்கோ" என்று கத்தினேன். தங்கப்பன் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வர எத்தனை நேரம் ஆயிற்றோ தெரியாது. "வெள்ளம் குடிச்சு. சம்சாரிக்குன்னுண்டு" என்று வந்தது. தண்ணீர் குடித்தான், பேசுகிறான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். லயத்திலிருந்து ஒரு பெண் பாலில்லாத கட்டன் சாயா கொண்டுவந்து, தானே புகட்டிவிட்டாள்.

அவர்கள் அவனை ஏற விடவில்லை. நூறடிக்கு ஒருதரம் உட்காரவைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, ஐந்து மணிக்குக் கீழே கொண்டுவந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம்தான் வந்தது. "எதுக்கும்மா வந்தே? எல்லாரும் பாக்கறா. நான் ஓகே ஆக்கும்" என்றான். உதடு நீலமாக இருந்தது.

காரில் எல்லாவற்றையும் சொன்னேன். விதுரை வரும்போது அப்பாவின் ஷூவைக் கழற்றிக் கீழே வைத்தான். பிறகு, "அப்ப அதுக்குத்தான் என்னைக் கூட்டிண்டு போகலையா?" என்றான். ஆமாம் என்றேன். கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். அப்பா போன அன்றுகூட அவன் அப்படி அழவில்லை.

ஸ்கேன் எடுத்தாயிற்று. அவனுக்கும் இருக்கிறது. மாத்திரை தருகிறார்கள். ஓடக்கூடாது, மலை ஏறக்கூடாது. இருதயம் தாறுமாறாகத் துடித்தால் சரிசெய்ய, தோலுக்கடியில் ஒரு சின்ன மெஷின் வைக்க வேண்டுமாம். சொல்லிவைத்ததைக் கேட்டால் பல காலம் நன்றாக இருப்பான் என்கிறார் டாக்டர். இதையேதான் உங்கள் தம்பியிடமும் இரண்டு வருஷத்துக்கு முன் ஒருவர் சொல்லியிருப்பார்.

அவர் படத்துக்கு முன் நின்று சண்டை போடுகிறேன். எனக்குத் தலை பின்னிவிட்ட மனுஷன் இதை எப்படி மறைத்தார்? பயந்து மறைத்தார். எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் ஆறவில்லை. உங்கள்மேல் என்ன இருக்கிறது என்று இன்றைக்கு எழுத மாட்டேன். விஷ்ணுப்ரியாவுக்கு உடனே ஸ்கேன் எடுங்கள். இங்கே அனுப்புங்கள், நான் கூட்டிப்போகிறேன்.

விஜயம்


கல்லிடைக்குறிச்சி
19.2.2025

விஜயத்துக்கு ஆசீர்வாதம். பிரணவுக்கு நூறு வயசு.

மதுரைக்காரர்களிடம் நானே போய்ச் சொன்னேன். பையனின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஸ்கேன் முடிவு வரட்டும், பார்க்கலாம்" என்றாள். முகூர்த்தத் தேதியை யாரும் பேசவில்லை. விஷ்ணுப்ரியா என்னோடு பேசுவதில்லை. "கல்யாணத்துக்காக என்னையும் சாகவிட்டிருப்பே, இல்லையா?" என்று ஒருநாள் கேட்டாள். காது கேட்காத மாதிரி நின்றேன். கேட்டது.

வரும் இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை அத்திம்பேர் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறார். எனக்கும் எடுக்க வேண்டுமாம். இங்கே திருநெல்வேலியில் பிறகு எடுத்துக்கொள்கிறேன். அங்கே வர எனக்குத் தைரியமில்லை. உன் வாசற்படியை எந்த முகத்தோடு மிதிப்பேன்? பிரணவ் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

முடிவு எதுவானாலும் நீயே எழுது. வேறு யார் வாயாலும் எனக்குத் தெரிய வேண்டாம்.

சரோஜம்


கரமனை
1.3.2025

அன்புள்ள சரோஜம் அக்காவுக்கு விஜயம் நமஸ்காரம்.

விஷ்ணுப்ரியாவுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். சில வருஷத்துக்கு ஒருதரம் வந்து பார்த்துக்கொண்டால் போதுமாம். முதலில் இதைப் படித்து மூச்சு விடுங்கள், பிறகு மற்றதைப் படியுங்கள்.

அவள் உள்ளே போயிருந்த முக்கால் மணி நேரம், அத்திம்பேர் ஜபம் பண்ணிக்கொண்டிருந்தார். பிரணவ் அவரிடம், "பேடிக்காதீங்கோ, வலிக்காது. ஜெல்லுதான் ஜில்லுனு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கதவைத் திறந்து வந்தவள், "மாமி, இல்லையாம்" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நானும் கட்டிக்கொண்டேன். அப்போது ஒரு கணம், ஒரே கணம்தான் அக்கா, இவளுக்கு இல்லையே, என் பிள்ளைக்கு இருக்கிறதே என்று நெஞ்சு எரிந்தது. இவளுக்கும் இருந்திருந்தால் என்ன என்றுகூட வந்தது. என் தோளில் சாய்ந்து அழுகிற குழந்தையைப் பிடித்துக்கொண்டு இதை நினைத்தேன்.

இதை எழுதாமலே விட்டிருக்கலாம். நம் குடும்பத்தில் எல்லாரும் அப்படித்தான் நல்லவர்களாக இருந்திருக்கிறார்கள். உங்களுக்கு என் பிள்ளை இரண்டாவதாகத் தெரிந்தது. எனக்கும் உங்கள் பெண் அப்படித்தான் தெரிந்தாள். நீங்கள் அப்படி மாதக்கணக்கில் இருந்தீர்கள், நான் ஒரு கணம் இருந்தேன். அந்த வித்தியாசம் பெரிசுதான், இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று இப்போது தெரியும்.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் விஷ்ணுப்ரியா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவள் படிக்கட்டும். பிரணவ் படித்தாயிற்று.

பதினேழாம் தேதி காலை எட்டு மணிக்கு அவனுக்கு மெஷின் வைக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். பத்மகுமார் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். வெளியே அந்த நாற்காலியில் தனியாக உட்கார எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் அப்பா இருந்திருந்தால் அவரும் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

நீங்கள் பதினாறாம் தேதியே வந்துவிடுங்கள். பிரணவும், "அத்தை வரட்டும்" என்றான். அவர்கள் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது உங்கள் காதில் விழாது, நான் சொல்கிறேன். பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

விஜயம்